ஆறு புள்ளி வாத்தியார்

தம்பி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கலசப்பாக்கம் போயிருந்தேன். முந்தானையில் மணப்பெண் பேரை ஜரிகையில் நெய்து தருவதாகச் சொன்னார் தறிக்காரர். பெண்ணின் பேர் 'விழி' என்று முடியும். நான் சீட்டில் 'விளி' என்று எழுதிப் பெருமையாக நீட்டினேன்.

"பாப்பா, இத்தக் கேட்டு எழுதி வச்சுக்கோ" என்று அவர் குரல் கொடுக்க, ப்ளஸ் டூ படிக்கும் மகள் வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"ளி-யா சார்? 'விளி'ன்னா கூப்பிடறது. கண்ணுன்னா ழி ஆச்சே?"

'கண்'ணை எனக்குத் திருத்தியது யார், பார்த்தீர்களா! பதினைந்து வருஷமாக ஆபீஸில் ஃபைல் எழுதுகிறவன் நான்.

"எப்படிம்மா இவ்ளோ கரெக்டா?"

"பிரெயில் சார். மொத்தம் ஆறு புள்ளி. இடப்பக்கம் மூணும் இருந்தா ல. வலப்பக்கம் மூணும் இருந்தா ள. வலது மேல் புள்ளியை மட்டும் விட்டுட்டு பாக்கி அஞ்சும் இருந்தா ழ. விரல்ல தொட்டா எப்படி சார் குழம்பும்? முன்னெல்லாம் போன் படிக்கறதைக் காதால கேட்டுத்தான் படிச்சேன். 'பல்லிக்கூடம்'னு அடிச்சு டீச்சருக்கு அனுப்பிட்டேன்!"

சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்று வயசில் அப்பாவின் சேணப் பட்டறையில் ஊசி குத்திப் பார்வையைப் பறிகொடுத்தவர் பிரான்ஸின் லூயி பிரெயில். 1824-ல், பதினைந்து வயசில், இந்த ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். ஆறே புள்ளியில் 63 வடிவம்! இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது.

'இப்பதான் போனே பேசுதே, இனிமே பிரெயில் எதுக்கு?' என்கிறார்கள் சிலர். நம் வீட்டுக்கும்தான் ரேடியோ வந்தது. அதற்காக ஒண்ணாம் கிளாஸில் நம் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கினார்களா? கேட்பது வேறு, படிப்பது வேறு சார். ஒற்று எங்கே, சின்ன ர-வா பெரிய ற-வா என்பதெல்லாம் காதுக்கு எட்டாது. கண் பார்க்கணும், இல்லை விரல் தொடணும். வேலைக்கு மனுப் போடும்போது 'பல்லி'யைப் பார்த்து யாரும் சிரித்துவிட்டு விடமாட்டார்கள். மனுவையே ஓரம் கட்டிவிடுவார்கள்.

சேலை வந்தாச்சு. பிரித்துப் பார்த்த மணப்பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "எல்லாரும் ளி போட்டுடுவாங்க. நீங்க சரியா எழுதிக் குடுத்திருக்கீங்களே மாமா!"

"நான் இல்லம்மா" என்றேன். "எழுத்து தெரிஞ்சவங்க ஒருத்தங்க பார்த்தாங்க."