பேர் சொல்லாத நோய்

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுட்டே இருந்தேன். அம்மாவைப் பத்தி எழுத உட்கார்ந்தாலே அழுகைதான் முதல்ல வருது. இன்னிக்கு எப்படியாவது எழுதி முடிச்சுடணும்.

எங்க ஊர் அன்னூர்ப் பக்கம். அம்மா எனக்கு அம்மா மட்டுமில்லீங்க, இருந்த ஒரே தோழியும் அவங்கதான். ரெண்டு பேரும் பஸ் ஏறி காந்திபுரம் வருவோம். ஒரு சினிமா, அன்னபூர்ணாவுல சாம்பார் இட்லி, ஒரு காபியை ஆளுக்குப் பாதி. திரும்பற வழியெல்லாம் பேச்சு. அப்பாவுக்குத் தெரியாத ரகசியம்கூட எனக்குத் தெரியும்... ஒண்ணைத் தவிர.

மார்புல கட்டி இருக்கறதை ஒன்பது மாசம் யார்கிட்டயும் சொல்லலை. "வலிக்கவே இல்லையே கண்ணு, அப்பறம் என்னத்தைச் சொல்றது?"ன்னாங்க. அந்த நோயோட கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

அப்புறம் மறைக்கிறது எங்க முறை ஆயிடுச்சு. சொந்தபந்தம் கூடி, அம்மாகிட்ட நோயோட பேரைச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. முடி கொட்டினப்போ "மருந்து சூடும்மா"ன்னு நானே சொன்னேன். அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுடுச்சுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் கடைசி ஆறு மாசம் சீரியலைப் பத்தியும் மழையைப் பத்தியும் மட்டுமே பேசிட்டு இருந்தோம். 2007 மார்கழியில போயிட்டாங்க. அந்த ஆறு மாச நாடகத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கலை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை 1923-ல புற்றுநோயில இறந்தாங்க. அவங்க அந்தத் துக்கத்தை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கலை. மேடையில பேசினாங்க, பணம் திரட்டினாங்க. சாகப் போறவங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டவங்களும் இருந்தாங்க. கடைசியா 1954-ல அடையாறுல 12 படுக்கையோட புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பிச்சுது. தங்கை போய் 31 வருஷம் கழிச்சு! அடுத்த வருஷம் அங்க வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல இறக்கற வரைக்கும் அந்த இடத்தை விடலை.

பேரைச் சொன்னா நோயாளி மனசு உடைஞ்சுடும்ங்கறாங்க. உடையட்டுமே, சேர்ந்து அழுதிருப்போம். ஒரு நல்ல நாளா பார்த்து காந்திபுரம் போய் அந்தப் பாதிக் காபியைக் குடிச்சிருப்போம். எனக்குத் தெரிய வேண்டாம்னு அவங்களே சொன்னா அது வேற விஷயம். ஆனா அதை அவங்ககிட்டதானே கேட்கணும்? சித்தப்பாகிட்டயும் மாமாகிட்டயும் இல்லையே.

காரியத்தன்னிக்கு ஒரு பாட்டி "என்னாச்சு உங்கம்மாளுக்கு?"ன்னு கேட்டாங்க. பெரியம்மா "காய்ச்சல்தானுங்க..."ன்னு இழுத்தாங்க. நான் குறுக்க விழுந்து "மார்புப் புற்றுநோய்"னு சத்தமா சொன்னேன். பந்தியே அமைதியாயிடுச்சு. பெரியம்மா என்கூட ஒரு மாசம் பேசலை.

நாலாம் நாள் ராத்திரி அத்தை போன் பண்ணாங்க. "கண்ணு, எனக்கும் ஒரு கட்டி இருக்கறாப்புல இருக்குது. மாமாகிட்ட சொல்லீராதே." அடுத்த நாளே கூட்டிட்டுப் போனேன். (இப்போ 30 வயசு தாண்டின பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமா பரிசோதிக்கிறாங்க. அன்னிக்கு அந்த வசதி இல்லை, கோயமுத்தூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது.)

வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லிட்டாங்க. திரும்பி வர்றப்போ பஸ்ல அத்தை என் கையை விடவே இல்லை. அடுத்த வாரம் ஒரு தூக்குப்போசி நிறைய கச்சாயம் வந்துச்சு.