டேப்லெட்டுக்கும் உண்டு முத்திரைக் காலம்

நம் கடைகள் பலவற்றில் பில் புத்தகம் இருந்த இடத்தில் இன்று டேப்லெட் இருக்கிறது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, பற்றுக் கணக்கு எழுதுவது, மொத்தக் கடைக்கு ஆர்டர் அனுப்புவது எல்லாம் அதில்தான். அதை எப்போது மாற்றுவது என்று கேட்டால் மட்டும் இரண்டு பதில்கள் வருகின்றன. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பது ஒன்று. "புது மாடல் வந்துவிட்டதே" என்பது மற்றொன்று. இரண்டுமே வியாபாரக் கணக்கு அல்ல.

மின்னணுத் தராசை எண்ணிப் பாருங்கள். எடை சரியாகக் காட்டினாலும் ஆண்டுக்கொரு முறை முத்திரை போட்டாக வேண்டும். கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சட்டம் விடாது. டேப்லெட்டுக்கு அப்படிப்பட்ட முத்திரைதான் தயாரிப்பாளர் அனுப்பும் பாதுகாப்பு அப்டேட். அது நின்றுவிட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. கள்ளச்சாவி செய்யும் வழி ஊருக்கே தெரிந்த பிறகும் பழைய பூட்டையே கல்லாவுக்குப் போடுவது போன்றது இது. விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு 4.4 உள்ள கருவிகளில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் கிடையாது. கருவி உடையவில்லை, காலம்தான் முடிந்தது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் செட்டிங்ஸ் பகுதியில் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி இருக்கும். இன்றே பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழைய தேதியாக இருந்து, புதிய அப்டேட்டும் வரவில்லை என்றால், பணம் புழங்கும் வேலைக்கு அந்தக் கருவி இனி ஆகாது.

மற்றக் குறைகளுக்கெல்லாம் உடனே பணத்தைக் கொட்ட வேண்டாம். வேகம் குறைந்தால் தேவையற்ற படங்களையும் வீடியோக்களையும் நீக்கிப் பாருங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் ஒயரை மாற்றுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கினால் பேட்டரி மட்டும் மாற்ற என்ன செலவாகும் என்று விசாரியுங்கள். ஆனால் பேட்டரி உப்பி, திரை மேலெழும்பினால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். எண்ணெய்யும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய கடையில் அது தீயோடு விளையாட்டு.

கருவியை விடக் கணக்கின் ஆயுள் நீளம் என்பதை மறக்கலாகாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். டேப்லெட் அதுவரை உழைக்கும் என்று யார் உறுதி தருவார்? ஆகவே வாரம் ஒரு முறையாவது கணக்கை வேறோர் இடத்திலும் பதிந்து வையுங்கள். டேப்லெட் திடீரென்று நின்றால் போவது சில ஆயிரம் ரூபாய். பற்றுக் கணக்கு போனால் முதலுக்கே மோசம்.

மாற்றுவதென்று முடிவானால் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வேண்டாம். வியாபாரம் மந்தமான மாதத்தில் மாற்றுங்கள். ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இருப்பும் பற்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். புதியது வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எத்தனை ஆண்டுக்கு அப்டேட் வரும் என்றும் கேளுங்கள். விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், மலிவானது எது என்பது விளங்கும்.

பழையதை விலைப்பட்டியல் காட்ட வைத்துக்கொள்ளலாம், வங்கி, யு.பி.ஐ. செயலிகளை மட்டும் எடுத்துவிட வேண்டும். கழிப்பதானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். பழைய இரும்புக் கடைக்கு அது போகக்கூடாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்த அளவை கல்லாவின் பக்கத்தில் இருக்கும் கருவிக்கும் வைப்போம்.