பூட்டு விற்கிறவங்க காட்டுல மழை... உங்க பணத்தை அங்கே போடலாமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்னிக்கு வைரலான ஒரு போட்டோ உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். பேனாவால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ்! பெயர், ஃப்ளைட் நம்பர், சீட் நம்பர் எல்லாமே கையெழுத்து. ஏர்போர்ட் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுபோனதால், இந்திய விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவைத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அன்றைக்குப் படுத்துவிட்டன என்று கணக்கு சொன்னது மைக்ரோசாஃப்ட். இதைச் செய்தது ஹேக்கர் இல்லை. ஹேக்கர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே காசு வாங்கும் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்! காவலுக்குப் போட்ட வாட்ச்மேனே கேட்டை உள்ளே பூட்டிவிட்டு சாவியைத் தொலைத்த கதை.

இப்போ ஒரு கேள்வி. அன்னிக்கு உங்க கையில் க்ரவுட்ஸ்ட்ரைக் ஷேர் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வித்துட்டு ஓடியிருப்பீங்க, இல்லையா? நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். முந்தைய நாள் சுமார் 343 டாலருக்கு முடிந்த ஷேர், இரண்டே வாரத்தில் 220 டாலர் பக்கம் வந்து நின்றது. ஆனால், அதே ஆண்டு நவம்பரில் பழைய விலையைப் பிடித்தது. 2025 பிப்ரவரியில் 400 டாலரையும் தாண்டிப் போனது.

உலகத்தையே ஒருநாள் நிறுத்திவைத்த கம்பெனிக்கு ஏழே மாதத்தில் இப்படி ஒரு மறுவாழ்வு எப்படி? சைபர் செக்யூரிட்டி பிசினஸின் மொத்த ரகசியமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 'ஹேக் நடந்தா ஏறுற ஷேர்' என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, சேமித்த காசைத் தூக்கி அங்கே போடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இதைப் புரிஞ்சுக்கணும்.

மாத்த முடியாத பூட்டு

ஓ.டி.டி பிடிக்கலைன்னா அடுத்த மாசம் சப்ஸ்கிரிப்ஷனை கட் பண்ணிடலாம். ஆனால், 20,000 லேப்டாப் வைத்திருக்கும் ஒரு வங்கி அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு லேப்டாப்பிலும் பழைய சாஃப்ட்வேரை நீக்கி, புதியதைப் போட்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இடையில் ஒரு ஓட்டைகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திருடன் தெருவில் சுற்றும்போது வீட்டின் எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் கழற்றுகிற மாதிரியான வேலை அது.

அதனால்தான் அவ்வளவு பெரிய சொதப்பலுக்குப் பிறகும், அடுத்தடுத்த காலாண்டுகளில் சுமார் 97% சந்தா வருமானத்தைத் தக்கவைத்துக்கொண்டதாக க்ரவுட்ஸ்ட்ரைக்கால் சொல்ல முடிந்தது. இழப்பீடு மாதிரி கூடுதல் வசதிகளைக் கொடுத்தும் வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இன்னொரு காரணம், சட்டம். செலவு பண்ணலாமா வேண்டாமா என்று கம்பெனிகள் யோசித்த காலம் மலையேறிவிட்டது. சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று 2022-ல் உத்தரவு போட்டது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பங்குத் தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களுக்கும் 2024-ல் தனி விதிமுறையே கொண்டுவந்தது செபி. பட்ஜெட்டில் டீ, பிஸ்கட் செலவைக்கூட வெட்டலாம். இதை வெட்ட முடியாது.

விடாத சந்தா, விரட்டும் சட்டம்... முதலீட்டாளர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று இப்போ புரியுதா? 'அப்போ கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடலாமே' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

ஒரே ரேஸ், ரெண்டு குதிரை

கம்பெனிகளின் தகவல்கள் இப்போது பெரும்பாலும் இருப்பது அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களின் கிளவுடில். அந்த கிளவுடில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது ஒரு தனி பிசினஸ். 2021 கடைசியில் இந்த ரேஸில் இரண்டு குதிரைகள் தெறி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று விஸ். இன்னொன்று லேஸ்வொர்க்.

அக்டோபரில் முதலீடு வாங்கியபோது விஸ்ஸின் மதிப்பு 600 கோடி டாலர். அடுத்த மாதமே லேஸ்வொர்க் 130 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அதன் மதிப்பு 830 கோடி டாலர். அதாவது, அன்றைக்கு முன்னால் ஓடியது லேஸ்வொர்க்தான். நீங்களும் நானும் பந்தயம் கட்டியிருந்தால் அதில்தான் கட்டியிருப்போம்.

அப்புறம் என்ன ஆச்சு? 2022-ல் வட்டி விகிதம் ஏறியது. ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் கையை இறுக்கினார்கள். 2023-ல் சைபர் செக்யூரிட்டி ஸ்டார்ட்அப்களுக்கு வந்த முதலீடு, 2021 உச்சத்தில் பாதிகூட இல்லை. லேஸ்வொர்க் ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2024-ல் ஃபோர்டிநெட் அதை வாங்கியபோது, கிடைத்த விலை பழைய மதிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விஸ்? 2020-ல் அதைத் தொடங்கிய நான்கு இஸ்ரேலியர்களும், அடாலம் என்ற முந்தைய கம்பெனியை 2015-ல் மைக்ரோசாஃப்ட்டிடம் விற்றுவிட்டு, அங்கேயே கிளவுட் பாதுகாப்பு வேலை பார்த்தவர்கள். அதனால் வாடிக்கையாளரின் வலி எங்கே என்று தெரியும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எதையும் இன்ஸ்டால் செய்யாமல், கிளவுட் கணக்கோடு இணைத்தாலே ஓட்டைகளைக் காட்டும்படி செய்தார்கள். 2024 ஜூலையில் சுமார் 2,300 கோடி டாலர் தருகிறேன் என்று வந்த கூகுளுக்கு 'நோ' சொன்னார்கள். 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்த விலை, 3,200 கோடி டாலர். முழுக்க ரொக்கம்!

இது எவ்வளவு பெரிய தொகை? அதற்கு நாலு நாள் முன்புதான் தமிழ்நாடு பட்ஜெட் வாசிக்கப்பட்டிருந்தது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயாக ஓராண்டுக்கு மதிப்பிடப்பட்டது சுமார் 2.20 லட்சம் கோடி ரூபாய். ஐந்து வயசு கம்பெனி ஒன்றுக்குக் கூகுள் வைத்த விலை, அன்றைய மதிப்பில் சுமார் 2.75 லட்சம் கோடி ரூபாய்.

ஆனால், இதில் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? விஸ் கடைசிவரை பங்குச் சந்தைக்கு வரவே இல்லை. அந்த லாபம் அதன் நிறுவனர்களுக்கும், ஊழியர்களுக்கும், ஆரம்பத்திலேயே பணம் போட்ட பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கும். ஆப் திறந்து ஷேர் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பந்தியில் இலையே போடவில்லை.

பெரிய மீன்கள் பசியோட இருக்கு

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை இல்லை. 2024 மார்ச்சில் ஸ்ப்ளங்க் நிறுவனத்தைச் சுமார் 2,800 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது சிஸ்கோ. நம்ம ஊர்க்காரரான நிகேஷ் அரோரா தலைமையிலான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், சைபர்ஆர்க் கம்பெனியைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. ஒரு கம்பெனிக்குள் எந்த ஆளுக்கு, எந்த சாஃப்ட்வேருக்கு எந்தச் சாவி என்று கட்டுப்படுத்துவதுதான் சைபர்ஆர்க் வேலை. இனி மனிதர்களோடு சேர்த்து ஏ.ஐ ஏஜென்ட்களும் ஆபீஸ் வேலை பார்க்கும் என்பதால், சாவிக்கொத்துக்கு இப்போ செம டிமாண்ட்.

ஏன் இப்படி வாங்கிக் குவிக்கிறார்கள்? ஒரு பெரிய கம்பெனி, மெயிலுக்கு ஒரு பாதுகாப்பு, லேப்டாப்புக்கு ஒன்று, கிளவுடுக்கு ஒன்று என்று டஜன் கணக்கில் வாங்கி வைத்திருக்கும். ஒன்றோடு ஒன்று பேசாது. 'எல்லாத்தையும் நாங்களே தர்றோம், ஒரே பில்' என்று யார் சொல்கிறார்களோ, அவர்கள் ஜெயிப்பார்கள் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கும் சும்மா வராது. போட்டியாளரின் ஒப்பந்தம் முடியும்வரை எங்கள் சேவையை இலவசமாகவே தருகிறோம் என்ற திட்டத்தோடு 2024 பிப்ரவரியில் வந்தது பாலோ ஆல்டோ. கூடவே வருமானக் கணிப்பையும் குறைத்தது. ஒரே நாளில் ஷேர் சுமார் 28% விழுந்தது. பிறகு மீண்டது என்பது வேற விஷயம். அந்த ஒருநாள் இரவு உங்களால் தூங்க முடிந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

மீளாதவர்களும் உண்டு. சென்டினல்ஒன், 2021 ஜூனில் 35 டாலருக்கு ஐ.பி.ஓ வந்தது. அதே ஆண்டில் 70 டாலரைத் தாண்டியது. 2025-ல் பெரும்பாலும் 20 டாலர் பக்கம்தான் உருண்டது. இத்தனைக்கும் வருமானம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. தொழில் வளர்வது வேறு. நீங்கள் கொடுத்த விலைக்கு அந்த வளர்ச்சி தகுமா என்பது வேறு.

நம்ம ஊர்ல என்ன நிலவரம்?

இந்தியப் பங்குச் சந்தையில் இந்தத் துறையின் பழகிய முகம், புனேயைச் சேர்ந்த க்விக் ஹீல். அப்பா காலத்து டெஸ்க்டாப்பில் பார்த்திருப்பீங்க. 2016 பிப்ரவரியில் 321 ரூபாய்க்கு ஐ.பி.ஓ வந்தது. 2020 மார்ச் சரிவில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2024-ல் 600 ரூபாயைத் தாண்டிப் பறந்து, 2025-ல் மறுபடி 300 ரூபாய் பக்கம் வந்து உட்கார்ந்தது. விண்டோஸிலேயே பாதுகாப்பு இலவசமாக வந்துவிட்ட பிறகு, யார் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவார்கள்? கம்பெனிகளுக்கு விற்கும் பிசினஸுக்கு மாறப் பல வருஷமாக மல்லுக்கட்டுகிறது அது.

சென்னையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். 90-களின் தொடக்கத்திலிருந்து ஆன்டிவைரஸ் செய்யும் கே7 கம்ப்யூட்டிங் இங்கேதான் இருக்கிறது. ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு பாஸ்வேர்டு நிர்வாகம், லாக் கண்காணிப்பு என்று உலகம் முழுக்க விற்கிறது. ஆனால், இரண்டுமே பங்குச் சந்தையில் இல்லை. அங்கே நீங்க ஷேர் வாங்க முடியாது. வேலை வாங்கலாம்!

அப்போ நாம என்னதான் பண்றது?

முதல் விஷயம், செய்தியைப் பார்த்து வாங்காதீங்க. பெரிய ஹேக் செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, அது விலையிலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். வாங்கியே ஆகணும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் எத்தனை சதவிகிதம் தங்குகிறார்கள்? வருமானம் ஏறுகிறதே, லாபம் வருகிறதா? பெரிய மீன் ஒன்று இதே சேவையை இலவசமாகக் கொடுத்தால் இந்தக் கம்பெனி தாங்குமா?

ஒரே கம்பெனியில் போடுவதைவிட, இந்தத் துறைப் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் அமெரிக்க இ.டி.எஃப்-கள் ரிஸ்க்கைக் கொஞ்சம் பரப்பும். ஆனாலும் அது ஒரே துறைதான். விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும். வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தால், வருமான வரித் தாக்கலில் அதற்கான ஷெட்யூல் எஃப்.ஏ பகுதியில் கட்டாயம் காட்ட வேண்டும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு உங்கள் ஸ்லாப் படி வரி. இ.எம்.ஐ, எமர்ஜென்சி ஃபண்ட், வழக்கமான எஸ்.ஐ.பி எல்லாம் போக மிச்சமிருக்கும் காசு மட்டும் இங்கே வரலாம். மொத்த சேமிப்பும் வரக் கூடாது.

இரண்டாவது, இந்தத் துறைக்கு உங்கள் பணத்தைவிட உங்கள் நேரத்தைக் கொடுப்பது லாபமாக இருக்கலாம். சட்டம் விரட்டுவதால் கம்பெனிகளுக்குக் கண்காணிக்க, தணிக்கை செய்ய ஆள் வேண்டும். ஆனால் 'மூணே மாசத்துல எத்திக்கல் ஹேக்கர்' என்று பெரிய ஃபீஸ் கேட்கும் விளம்பரத்தில் விழுவதற்கு முன், நெட்வொர்க்கிங், லினக்ஸ் அடிப்படையைக் கற்றுப் பாருங்கள். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் அறிமுகப் பாடமே இலவசமாக இருக்கிறது. ஆரம்ப வேலைகளில் பல, சினிமாவில் வருவது போல இருக்காது. நைட் ஷிஃப்ட்டில் அலர்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமையான வேலை. அது பிடிக்குதா என்று தெரிந்துகொண்டு ஃபீஸ் கட்டுங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023-ல் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் சுமார் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது மத்திய அரசு. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இதில் பெரும்பங்கு சர்வரை உடைத்துத் திருடிய பணம் இல்லை. போலி டிரேடிங் ஆப், 'டிஜிட்டல் அரெஸ்ட்' போன்கால், ஓ.டி.பி என்று நம்மிடமே கேட்டு வாங்கிய பணம். மேலே பார்த்த பல ஆயிரம் கோடி டாலர் கம்பெனிகள் காவல் காப்பது கம்பெனிகளைத்தான். உங்கள் அம்மாவின் போனுக்கு வரும் அந்த காலை எடுத்துப் பேச அவர்களில் யாரும் வர மாட்டார்கள்.

அதனால், க்ரவுட்ஸ்ட்ரைக் ஷேர் என்ன விலை என்று தேடுவதற்கு முன்னால் இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டில் எல்லோர் போனிலும் 1930 என்ற நம்பரை சேவ் செய்து கொடுங்கள். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் அங்கே புகார் சொல்கிறோமோ, அது கைமாறுவதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். இந்த முதலீட்டுக்கு டீமேட் அக்கவுன்ட்கூடத் தேவையில்லை.