லினக்ஸ் போட்டாச்சு... டெஸ்க்டாப் எங்கேப்பா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்கணும். நல்லா ஓடிக்கிட்டிருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசு வருமா? ‘லினக்ஸ் போடு மச்சி’ என்று ஒரு நண்பர் சொல்வார். போடுவோம். ரீஸ்டார்ட் ஆனதும் கருப்புத் திரை, ‘லாகின்’ என்று ஒரு வரி, கண் சிமிட்டும் கர்சர். அவ்வளவுதான். லேப்டாப் மறுபடி பீரோவுக்குப் போய்விடும்.

உண்மையில் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. லினக்ஸில் ஐகான், மெனு, வால்பேப்பர் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் தனி மென்பொருள். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று பல வகை உண்டு. எதையும் நிறுவாவிட்டாலும் சிஸ்டம் ஜம்முனு ஓடும். சர்வர்களுக்கு அதுதான் வசதி, நமக்குத்தான் திகில்.

டெபியனை எடுத்துக்கொள்வோம். அதன் சின்ன இன்ஸ்டாலர் டெஸ்க்டாப்பை இணையத்திலிருந்துதான் இறக்கும். நிறுவும்போது வைஃபை கிடைக்கவில்லை என்று அந்தப் படியைத் தாண்டினால், மிஞ்சுவது கருப்புத் திரைதான். அப்படி ஆகியிருந்தால் லேன் கேபிளையோ, மொபைலின் யூஎஸ்பி டெதரிங்கையோ வைத்து மறுபடி நிறுவிவிடுங்கள், அதுதான் சுலபம். நெட் இருந்தும் டெஸ்க்டாப்பை டிக் செய்யாமல் விட்டிருந்தால் மறுபடி நிறுவத் தேவையே இல்லை. ‘டாஸ்க்செல்’ கட்டளையை ரூட் அனுமதியோடு ஓட்டி, ஸ்பேஸ் பாரால் ஒரு டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் ரீபூட் செய்தால் போதும். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க. க்னோம் அழகுதான், ஆனால் பழைய மெஷினுக்குப் பாரம்.

இங்கே இன்னொரு பொறி. நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், ‘சூடோ’ உங்களுக்கு வேலை செய்யாது. ‘எஸ் யூ’, ஒரு இடைவெளி, ஒரு ஹைஃபன் அடித்து ரூட்டாக நுழையணும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு போச்சுன்னு நினைக்க வேண்டாம்.

டெஸ்க்டாப் போட்டும் திரை கருப்பாகவே இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படலாம், முக்கியமா என்விடியா கார்டு இருந்தால். பூட் மெனுவில் ‘இ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு முறைக்குத்தான் அது. உள்ளே போனதும் சரியான டிரைவரை நிறுவிக்கொள்ளணும்.

இவ்வளவையும் புதிதாக வருபவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை என்பது என் கட்சி. ‘கஷ்டப்பட்டாத்தான் கத்துக்க முடியும்’ என்று டெபியனிலோ ஆர்ச்சிலோ தள்ளிவிடும் நண்பர்கள்தான் லினக்ஸுக்குப் பாதி எதிரி. தமிழக அரசின் இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கையைப் பிடித்துக் காட்ட ஆள் இல்லை.

முதல் தடவை என்றால் லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் அதிலேயே தெரியும். வைஃபை, சவுண்டு, பிரைட்னஸ் மூன்றையும் சரிபாருங்கள். ஃபோட்டோக்களை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகே ‘இன்ஸ்டால்’ ஐகானைத் தொடுங்கள்.