முதல் வகுப்புக்கு முன்பே பழகட்டும்

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டாகி, பள்ளிப் பயிற்சியும் கூடியது. ஆனாலும் நாற்பது பிள்ளைகள் முன் முதன்முறை நிற்கும் இளம் ஆசிரியர், கடைசி பெஞ்சில் சலசலப்பு கிளம்பியதும் கத்திவிடுகிறார். முன்வரிசைப் பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள். இந்தத் தடுமாற்றத்தை முன்பே பழகிக் கடக்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் மத்திய புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டீச்லைவ்' பயிற்சியில் திரையிலுள்ள மெய்நிகர் மாணவர்கள் குறும்பு செய்வார்கள், எதிர்த்துப் பேசுவார்கள். மறைவிலிருந்து ஒரு மனிதர் அவர்களை இயக்குவார். சறுக்கினால் நிறுத்தி மறுபடி தொடங்கலாம், எந்தக் குழந்தையும் புண்படாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, மாற்று வழியைப் பழக்கியும் தரவேண்டும். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்பவர் பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளியபடியே இன்னொருவர் தொழில் பழகுவதுபோல, இந்தப் பயிற்சியிலும் மூத்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து திருத்த வேண்டும்; கருவியை மட்டும் வாங்கிப் பூட்டிவைத்தால் பயனில்லை. வீட்டுத் தறி வேலைக்குக் கைகொடுத்துவிட்டு வந்து வகுப்பில் கண்ணயரும் பிள்ளையும் அந்தத் திரையில் இருக்கட்டும். மெய்நிகர் தொழில்நுட்பத்தில் ஆய்வு நடத்தும் சென்னை ஐ.ஐ.டி. அருகிலேயே இருக்கிறது, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தோடு அதை இணைத்து, காஞ்சிபுரத்திலேயே அரசு இதைத் தொடங்கலாம்.