அரைப் பேர் போடாதீர்கள்

பூனாகலை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் கடைவீதியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு பேச்சு. அடுத்த மாதம் நமது பிள்ளைகள் வலய மட்ட உதைபந்தாட்டத்துக்குப் போகிறார்கள் என்று சொன்னோம். "சார், இலங்கை டீமே உதவாது. பப்புவா நியூகினிக்கு எதிரா ஒரு கோல் அடிக்க வக்கில்ல. இவனுங்க போயி என்ன செய்யப் போறாங்க?" என்றார் ஓர் அண்ணன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டுத்தான் வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அந்த அண்ணன் சொன்ன போட்டி 2024 மார்ச்சில் கொழும்பில் நடந்தது. ஃபிஃபா சீரிஸ் என்ற பெயரில் இலங்கை, பப்புவா நியூகினி, பூட்டான், மத்திய ஆபிரிக்கக் குடியரசு என நான்கு நாடுகள் ஆடிய சிநேகபூர்வப் போட்டிகள். பப்புவா நியூகினியுடன் 0-0. பூட்டானை 2-0 என்று வென்றோம். அந்த நாட்களில் நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டோம். முன்களத்துக்கு இரண்டு, மூன்று. பயிற்றுவிப்பாளருக்கு முட்டை. பின்களத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

இப்போது நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். இரண்டு போட்டி, 180 நிமிடம். நமது கோல் வாசலுக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2023 ஒக்டோபரில், உலகக் கிண்ணத் தகுதிகாணில் யேமனுடன் ஆடிய இரண்டு போட்டிகளில் நான்கு கோல் வாங்கினோம். 3-0 தோல்வி, பிறகு கொழும்பில் 1-1. நான்கிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி முன்னேறினால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுவோமா மாட்டோமா?

"அதே பூட்டானுக்கு மத்திய ஆபிரிக்கக் குடியரசு ஆறு கோல் அடித்ததே" என்பீர்கள். உண்மைதான். நமது முன்களம் பலவீனம், 180 நிமிடத்தில் இரண்டு கோல் போதாது. அதற்கு மார்க்கைக் குறையுங்கள், நாங்கள் மறிக்கவில்லை. ஆனால் முன்களம் அடிக்காத கோலுக்குப் பின்களத்துக்கு ஏன் மார்க் வெட்டுகிறீர்கள்?

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். 2023 ஜனவரியில் இலங்கையை ஃபிஃபா தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. இடையில் வந்த தெற்காசியக் கிண்ணத்தில்கூட நமது அணி இல்லை. நிர்வாகத்தில் இருந்தவர்களும் அரசியல்வாதிகளும் போட்ட சண்டைக்குத் தண்டனை அனுபவித்தது, காலில் பூட்ஸ் கட்டி நின்ற பொடியன்கள். தடை நீங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் நேரே யேமன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். படிப்பிக்காமல் பரீட்சை வைத்துவிட்டு, பெயில் என்று நாம் சிவப்பு மையில் எழுதினோம்.

பயிற்சிப் போட்டி என்பது எதற்கு? வழமையான ஐந்து பேருக்கு மேலும் மாற்று வீரர்களை இறக்கிப் பார்க்கலாம். யார் யாருடன் ஒத்து ஆடுகிறார், யாருக்கு எழுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பக்கம் ஓட்டை என்று கண்டுபிடிக்கலாம். பிழை விடுவதற்கென்றே கொடுத்த நாள் அது. அன்றைக்கு விட்ட பிழையை வைத்து ஒருவனை முடித்துக்கட்டினால் அந்தப் போட்டியே வீண்.

ஆர்ஜன்டீனா ரசிகர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். உங்களுக்குத் தெரியாததா? 2022 நவம்பர் 16ஆம் திகதி ஐக்கிய அரபு இராச்சியத்தைப் பயிற்சிப் போட்டியில் 5-0 என்று அடித்தார்கள். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டோம். ஆறு நாள் கழித்து சவூதியிடம் 2-1 தோல்வி. "மெஸ்ஸி கிழவன்" என்று எழுதியவர்களும் நம்மூரில் இருந்தார்கள். டிசம்பரில் கிண்ணம் யார் கையில் இருந்தது? ஐந்து கோல் அடித்த நாளில் போட்ட மார்க்கும் பிழை, சவூதியிடம் தோற்ற அன்று போட்ட மார்க்கும் பிழை.

நமது அணியும் அப்படித்தான். நாம் முட்டை போட்ட அந்த மார்ச் முடிந்து ஆறு மாதத்தில், ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, அவர்கள் மண்ணில் 2-2, பிறகு பெனால்டியில் வென்றார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்து மண்ணில் 1-0 என்று மட்டுமே தோற்றார்கள். ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றார்கள். கிண்ணம் வென்றுவிட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. அந்த இடத்துக்குத் திரும்பிப் போக இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் கோல் விடாமல் நின்று பழகிய அந்த 180 நிமிடம் இல்லாமல் கம்போடியாவில் நின்றிருக்க முடியாது என்பது எங்கள் துணிபு.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். நாம் மார்க் போடும்போது ஆட்டத்தைப் பார்க்கிறோமா, பெயரைப் பார்க்கிறோமா?

முதலில் எங்கள் பக்கத்தையே சொல்லுகிறோம். வசீம் ராசீக் பேர்லினில் பிறந்தவர். 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார், 3-2 என்று தோற்றோம். அன்று அவருக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது நியாயம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சும்மா நின்ற போட்டிகளிலும் எங்கள் முஸ்லிம் குழுக்களில் ஒன்பதுதான். ஏன்? "நம்மவர்." அதேபோல் தமிழ்ப் பெயர் வந்தால் தமிழ்க் குழுக்களில் எட்டு. இலண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒலிவர் கெலார்ட் பந்தைத் தவறவிட்டால் "வெள்ளைக்காரனுக்கு என்ன அக்கறை". மாலைதீவில் பல வருடம் தொழில்முறையாக ஆடிய சுஜான் பெரேரா கோல் வாசலில் நின்று காப்பாற்றினால், அது அவருடைய வேலை, மார்க் இல்லை.

விடைத்தாளில் பெயரைப் பார்த்து மார்க் போடும் ஆசிரியரை இந்த ஊர் சும்மா விடுமா? விடக் கூடாது. அந்தச் சட்டம் நமக்கும்தான்.

இனி நமது பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம்.

கொழுந்து மடுவத்தில் தராசு வைத்து, கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்கள் என்று நமது தாய்மார் எத்தனை வருடமாகக் குமுறுகிறார்கள்? மலை கவ்வாத்து வெட்டின மலையா, மழை இல்லாத மாதமா, மரத்தில் கொழுந்து இருந்ததா என்று கேட்காமல் தராசு முள்ளை மட்டும் பார்க்கிறார்கள் என்பதுதானே அந்தக் குமுறல்? அது நியாயமான குமுறல். அதையே நாம் நமது பிள்ளைகளுக்குச் செய்கிறோம்.

முன்பொரு தடவை வலயப் போட்டியில் நமது பிள்ளைகள் ஐந்து கோலால் தோற்றார்கள். கோல் காத்த பிள்ளைக்குத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே பட்டப்பெயர் வைத்தாயிற்று. லயத்துக்கு வந்து சேருவதற்குள் பெரியவர்களும் அதே பெயரால் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மைதானப் பக்கம் வரவில்லை. அன்று அந்தப் பிள்ளை எத்தனை பந்தைப் பிடித்தது என்று எங்களைக் கேளுங்கள். பதினொன்று. எண்ணியவர்கள் நாங்கள். ஆனால் பஸ்ஸில் நாங்களும் வாய் திறக்கவில்லை. அது எங்கள் குற்றம்.

அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னால் ஒரு பயிற்சிப் போட்டிகூட ஆடியதில்லை. எதிரணி டவுன் பாடசாலை, வருடம் முழுக்க ஆடுகிறார்கள். நமது பிள்ளைகளுக்கு மூடுபனி இறங்கும் சரிவில் பாதி மைதானம், ஒரு பந்து. பூட்ஸ் ஒரு சோடி வாங்க அம்மா எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தேசிய அணியை யேமன் முன்னால் நிறுத்திய அதே வேலையைத்தான் நாமும் செய்தோம்.

ஆகவே கேட்கிறோம். வலயப் போட்டிக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பயிற்சிப் போட்டி வைக்கப் போகிறோம். அக்கம்பக்கத் தோட்டப் பிள்ளைகளைக் கூப்பிடுவோம். லொறி வைத்திருக்கும் அண்ணன்மார் ஒரு நடை தாருங்கள். தேத்தண்ணியும் பணிஸும் கடைக்காரர்கள் தாருங்கள், பள்ளிவாசல் சகோதரர்களிடமும் கோயில் கமிட்டியிடமும் நாங்கள் நேரில் வந்து கேட்கிறோம். மைதானத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும் கடிதத்தில் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

மார்க் போடும் அண்ணன்மாரும் கட்டாயம் வாருங்கள். கையில் தாளும் பேனையும் தருவோம். ஒவ்வொருவரும் ஒரேயொரு பிள்ளையை மட்டும் முழு ஆட்டமும் பாருங்கள். எத்தனை பந்து பிடித்தான், எத்தனை பந்து சரியாகக் கொடுத்தான், பந்து இல்லாதபோது எங்கே நின்றான் என்று எழுதுங்கள். முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு திருத்த வேண்டியதைச் சொல்லுங்கள். கடையில் வைத்துச் சொல்ல வேண்டாம்.

பட்டப்பெயர் வாங்கிய அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேற்று போனோம். இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பெரியவங்க வருவாங்களா சார்?" என்று மட்டும் கேட்டது. நீங்கள் வந்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை திரும்பக் கையுறை மாட்டும்.

வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.