மீசையும் கண்ணாடியும்

திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து காலேஜில் படிக்கிற பெண். எங்கள் தெருக்காரரின் தங்கை மகள். போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். 'டிஸ்க் ஃபுல்' என்று திரை திட்டியிருக்கிறது. எல்லாம்தான் கிளவுடில் இருக்கிறதே என்று அந்த ஃபோல்டரில் இருந்ததை மொத்தமாக டெலிட் செய்துவிட்டாள். இங்கே அழித்தது அங்கேயும் அழிந்தது. ப்ராஜெக்ட் போச்சு.

"காப்பி பத்திரமா இருக்குன்னுதானே மாமா சொன்னாங்க?"

நல்லவேளை, கிளவுடின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் வைத்திருப்பார்கள். இவள் வந்தது இருபத்தேழாவது நாள்!

'இதுகூடத் தெரியாம ஏன் கம்ப்யூட்டரைத் தொடணும்?' என்று கேட்கிற மேதாவிகள் மீதுதான் எனக்குக் கோபம். யார் சொல்லிக் கொடுத்தார்கள், தெரிந்துகொள்ள? 'சிங்க்' என்பது காப்பி இல்லை சார், கண்ணாடி. நீங்கள் மீசையை எடுத்தால் கண்ணாடியிலும் மீசை இருக்காது. இடம் வேண்டுமென்றால் டெலிட் பண்ணக் கூடாது. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுக்க வேண்டும். பெயர் மட்டும் இங்கே நிற்கும், சரக்கு அங்கே போய்விடும். ஆனால் நெட் இல்லாத இடத்தில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. 2026 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்ததில் 256. (இது எஸ்எஸ்டி, வேகம் அதிகம். ஒப்புக்கொள்கிறேன்.) அந்த 256-ஐயும் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். படியில் அளக்கும்போதே குறைகிற அரிசி!

பெட்டியைச் சின்னதாக்கு, மிச்சத்துக்கு வாடகை வாங்கு. இதுதானே வியாபாரம்? நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. கூகுளில் 15 ஜிபி இலவசம். 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய். வருடத்துக்கு 1,560. ஐந்து வருடத்துக்கு 7,800. முடிவில் கையில் ஒரு ஸ்க்ரூ கூட மிஞ்சாது.

இலவசம் என்றவர்கள் வாக்கு மாறியதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் 15 ஜிபி இலவசம் 2016-ல் 5 ஆனது. கூகுள் போட்டோஸ் 'அளவே இல்லை' என்றது. 2021 ஜூன் 1-ந் தேதி கதவைச் சாத்தியது. கல்லூரிகளுக்குக் கொடுத்த அளவில்லாத இடமும் 2022-ல் போயிற்று.

காசு கட்டினால் மட்டும் பத்திரமா? தென்கொரியாவில் அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல் 'ஜி-டிரைவ்' என்ற அரசாங்க கிளவுடில் வைத்தார்கள். 2025 செப்டம்பரில் தேஜானில் இருந்த டேட்டா சென்டரில் தீ. 858 டெராபைட் சாம்பல். வேறு காப்பி கிடையாது. அனல்வாதத்தில் வேகாமல் வந்த ஏடு நம்ம ஊர்க் கதையில்தான் உண்டு!

கிளவுடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுக்கிற அரசாங்கம், பையில் ஒரு பென் டிரைவையும் போடக் கூடாதா? முதல் வாரம் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, எது காப்பி, எது கண்ணாடி என்று தமிழில் சொல்லிக் கொடுக்க எத்தனை கோடி ஆகும்?

அந்தப் பெண்ணுக்கு டவுன்ஹால் ரோட்டில் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறாள்.